இடமில்லை என்றது வட்டு

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

கணிப்பொறி என்றவுடன் திரையும் விசைப்பலகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரவில் விழித்திருந்து நம் வேலைகளுக்கு நகல் எடுத்து வைக்கும் பொறியை யாரும் நினைப்பதில்லை. எங்கள் துறை ஆய்வகத்தின் மூலையில் அப்படியொன்று இருக்கிறது. பெயர்தான் பேக்கப் சர்வர். உண்மையில் அது ஒரு பழைய மேசைக் கணிப்பொறி. மாணவர்கள் எழுதும் நிரல்களை எல்லாம் இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்னும் மென்பொருளைக் கொண்டு தன் இரண்டாவது வட்டில் நகலெடுத்துக்கொள்ளும். சென்ற பிப்ரவரியில் அது 'சாதனத்தில் இடமில்லை' என்று கூறி வேலையை நிறுத்திவிட்டது.

"என்னன்னு பாருப்பா" என்றுதான் பேராசிரியர் அவர்கள் சொன்னார். நான் பார்க்கவில்லை; அழித்தேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதத்து நகல்களை ஒரே கட்டளையில் நீக்கினேன். 81 விழுக்காடு நிறைந்திருந்த இரண்டாவது வட்டு 79க்கு இறங்கியது. கோளாறு அப்படியே இருந்தது. 81 விழுக்காடே நிறைந்த வட்டு இடமில்லை என்று ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அப்போது எனக்கு எழவேயில்லை.

என் தந்தையார் நெல் கிட்டங்கியில் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புரியாத பாடங்களை அந்தக் கிட்டங்கியை வைத்தே புரிந்துகொள்வது என் வழக்கம். லினக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. கோப்பின் அளவு என்ன, அது யாருடையது, வட்டின் எந்த இடத்தில் கிடக்கிறது என்பவற்றை ஐநோடு என்னும் பதிவு வைத்திருக்கிறது. பெயர் என்பது அதைச் சுட்டும் ஒரு சீட்டு மட்டுமே. ஒரே மூட்டைக்குப் பல சீட்டுகள் இருக்கலாம். கடைசிச் சீட்டும் கிழிந்தால்தான் மூட்டை வெளியேறும். எங்கள் நகல் முறை இந்த வசதியைப் பயன்படுத்துகிறது. முந்தின நாளிலிருந்து மாறாத கோப்பை மறுபடி எழுதாமல், அதற்கு இன்னொரு சீட்டு மட்டும் போட்டுக்கொள்கிறது. ஆகவே நான் கிழித்தவற்றில் பெரும்பாலானவை வெறும் சீட்டுகள். பின்னாளில் மாற்றி எழுதப்பட்ட கோப்புகளின் பழைய வடிவங்கள் மட்டுமே மெய்யாக அழிந்தன. அவற்றுக்காகத்தானே நாள்தோறும் நகல் எடுக்கிறோம்! மறுநாளே மூன்றாமாண்டு அக்கா ஒருவர் தம் புராஜெக்டின் ஜனவரி மாத வடிவத்தைத் தேடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை; அதுதான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகே ஆய்வக உதவியாளர் அண்ணனுடன் அமர்ந்து முறையாகத் தேடினேன். டிஎப் என்னும் கட்டளை வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று கோப்பு அமைப்பையே கேட்கும். டியு என்பது கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டும். நிறைந்திருந்தது இரண்டாவது வட்டே அன்று, லினக்ஸ் இருக்கும் 50 ஜிபி முதல் வட்டு! தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதக்கூட அதில் இடமில்லாமல்தான் நகல் வேலை நின்றிருக்கிறது. அதில் 47 ஜிபி போய்விட்டது, மீதி பூச்சியம் என்றது டிஎப். 47க்கு மேல் உள்ள சிறு பகுதி, எக்ஸ்ட்4 அமைப்பு நிர்வாகிக்கென வழக்கமாக ஒதுக்கும் 5 விழுக்காடு. அது சரி. ஆனால் டியு கூட்டிக் காட்டியது 19 ஜிபி மட்டுமே. மீதி 28 எங்கே?

ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்தால், பெயர் போகும், இடம் போகாது. சீட்டு கிழிந்தும் மூட்டை ஆளின் முதுகிலேயே இருப்பது போல. எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் தேடினோம், அப்படி ஏதுமில்லை. ஐநோடுகள் தீர்ந்தாலும் இதே செய்தி வரும். அதிலும் 8 விழுக்காடே செலவாகியிருந்தது.

அப்போதுதான் அண்ணன், மாதத் தொடக்கத்தில் மின்சாரம் போய் வந்ததை நினைவுபடுத்தினார். இரண்டாவது வட்டின் கேபிள் தளர்ந்திருந்ததாம்; செய்தி வந்த அன்றுதான் அதை இறுக்கி மறுபடி இணைத்தாராம். லினக்ஸில் ஒரு வட்டை இணைப்பதென்றால், ஒரு காலி டைரக்டரியின் மேல் அதை மூடி வைப்பதாகும். அதற்கு மவுண்ட் என்று பெயர். வட்டு இல்லாவிட்டாலும் பொறி எழும்படி அமைத்திருந்ததால், ஒருவருக்கும் தெரியாமல் ஒன்பது இரவுகள் நகல்கள் அந்தக் காலி டைரக்டரிக்குள், அதாவது முதல் வட்டிலேயே, விழுந்திருக்கின்றன. பிறகு வட்டை இணைத்தவுடன் அவை மூடியின் கீழ் மறைந்தன. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தும் டியு கண்ணில் படவில்லை.

இரண்டாவது வட்டை அன்மவுண்ட் செய்து பார்த்தோம். 28 ஜிபியும் அங்கே இருந்தது. இம்முறை அழிக்கவில்லை. வேறொரு வட்டுக்கு நகலெடுத்துச் சரிபார்த்த பின்னரே நீக்கினோம். காலி டைரக்டரியை நிர்வாகி மட்டுமே எழுதும்படி மாற்றினோம். இனி வட்டு இல்லையென்றால் நகல் வேலை அங்கேயே பிழை காட்டி நிற்கும். வேலை தொடங்குமுன் வட்டு இணைந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வரி சேர்த்தேன்.

அந்த ஒன்பது இரவு நகல்களிலும் அக்காவின் கோப்பைத் தேடினேன். எல்லாம் பிப்ரவரி மாதத்து வடிவங்கள். அவர் அந்தப் பகுதியை மூன்று இரவுகள் விழித்து மறுபடி எழுதினார்.