கல் ஓரிடம், கல்லறை ஓரிடம்

உச்சி வெயிலில் பழவேற்காடு டச்சுக் கல்லறைக்குப் போய்ப் படம் எடுப்பவர்களுக்குக் கிடைப்பது வெறும் கருங்கல்தான். தரையோடு படுத்திருக்கும் பலகைக் கற்களின்மீது வெயில் நேராக இறங்கும்போது, வெட்டிய எழுத்தில் நிழலே விழாது. அதே கல்லைக் காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கறுத்து எழும். 'ஹியர் லெய்ட் பெக்ராவன்', அதாவது 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்' என்ற டச்சுக் கல்வெட்டுகளின் வழக்கமான தொடக்கம் கண்ணில் படும். பிறகு பெயர், பதவி, குடும்பச் சின்னம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது இங்கேதான். துணி வியாபாரத்துக்கு வந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. கோட்டை மண்மேடாகிவிட்டது, 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் தப்பியிருக்கின்றன. வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன, ஒன்றிடம் மணற்கடிகாரம். வருகிறவர்கள் பெரும்பாலும் அவற்றோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

படம் எடுப்பது பாதி வேலை. மீதி, பழைய பட்டியல்களோடு ஒப்பிடுவது. சென்னை மாகாணத்துக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-இல் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்புதான் இன்றும் முதல் துணை. கல்லில் தேய்ந்துபோன வரி அவர் புத்தகத்தில் முழுதாக இருக்கலாம். தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளுக்காக 1976-இல் தியோன் வில்கின்சன் லண்டனில் தொடங்கிய 'பாக்ஸா' சங்கம் சேர்த்த படங்களும் குறிப்புகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

ஒப்பிடாமல் படத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக் கோட்டையே சாட்சி. புனித மேரி ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்த கல்லறைக் கற்களின்மேல்தான் நடந்து போக வேண்டும். ஆனால் அவற்றின் கீழே யாரும் இல்லை! அந்த மனிதர்கள் அடங்கியிருப்பது பழைய சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்றப் பக்கம். 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அங்கிருந்த கல்லறை மண்டபங்களை மறைவாக வைத்துத் தாக்கியது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துக் கற்களை ஆலயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இடிக்காமல் விட்டவற்றில் ஒன்று, ஒரு கூம்புச் சமாதி. ஜோசப் ஹின்மர்ஸும், ஆளுநர் எலிஹு யேலின் குழந்தை டேவிட்டும் அதில் அடங்கியிருக்கிறார்கள். இரண்டு குடும்பத்தார் ஒரே சமாதியில் எப்படி என்பதற்கு விடை திருமணப் பதிவேட்டில் இருக்கிறது: ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை 1680-இல் யேல் மணந்துகொண்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரும் இவரே. 1921-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமான இந்தச் சமாதியை, வாகன நிறுத்துமிடத் தகராறு ஒன்றில், வேறிடத்துக்கு மாற்றும்படி 2023-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கல் ஒருபுறம், எலும்பு ஒருபுறம் என்ற பழைய கதையில் இன்னும் ஓர் அத்தியாயம் எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் ஊர்ப் பழைய தேவாலயத்தின் பின்னாலும் முள் மண்டிய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கக்கூடும். அனுமதி கேட்டு ஒருநாள் அதிகாலையில் போங்கள்; செல்போனே போதும். எழுத்துத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் பூசாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். முழுக் கல்லுக்கு ஒரு படம், எழுத்துக்கு ஒரு படம். கூடவே, பக்கத்து மரமோ மதிலோ தெரிய மூன்றாவதாக ஒன்று கட்டாயம் எடுத்துவிடுங்கள். கல் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.