சீடி ரைட் பண்ண எந்த மென்பொருள் நல்லது?

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு எமது தோட்டப் பக்கங்களிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை வழியாகப் புங்குடுதீவு போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏற வேண்டும். நயினாதீவுக்குச் சுமார் 20 நிமிடம், நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடலையே பார்த்திராத பிள்ளைகள் போனில் படமாக எடுத்துத் தள்ளுவார்கள். படகில் பாட்டிமார் பாடும் பாட்டு, கோயில் மேளம் எல்லாம் அதே போனில்தான் இருக்கும். போன் தண்ணீரில் விழுந்தாலோ தொலைந்தாலோ அத்தனையும் போய்விடும்.

வீட்டில் கிடக்கும் பழைய கெசட்டுகளும் அப்படித்தான். காமன் கூத்துப் பாட்டும், காலமான அப்பாயியின் தாலாட்டும் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கலாம். இவற்றைச் சீடியில் ஏற்றி வைப்பது நல்லது. "பென் டிரைவ் இருக்கும்போது சீடி எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். பென் டிரைவில் உள்ளது கைதவறி அழிந்துபோகும், வைரசும் புகுந்துவிடும். ஒருமுறை எழுதி மூடிய சீடி-ஆர் வட்டில் அந்தப் பயம் இல்லை.

முதலில் எந்த வகைச் சீடி என்று முடிவெடுங்கள்

சீடியில் இரண்டு வகை உண்டு. ஒலிச் சீடி பழைய சீடி ரேடியோ, வேன் செட் என்று எதிலும் பாடும். ஆனால் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. மற்றது தரவுச் சீடி. பாட்டு, போட்டோ, பிறப்புச் சான்றிதழின் பிரதி எல்லாவற்றையும் கோப்பாகவே போடலாம். 700 மெகாபைட் கொள்ளும். சாதாரண எம்பி3 பாட்டு என்றால் 11 மணித்தியாலத்துக்கு மேல் வரும். ஆனால் எம்பி3 வாசிக்கத் தெரியாத பழைய செட்டில் அது பாடவே பாடாது.

கடையில் செய்து வாங்கிய சீடி வீட்டில் பாடவில்லை என்று பலரும் எம்மிடம் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் சீடியில் பழுது இருக்காது. ஒலிச் சீடி கேட்க வேண்டிய இடத்தில் தரவுச் சீடி செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மென்பொருளில் பார்க்க வேண்டிய நான்கு விடயங்கள்

1. ஒலிச் சீடி, தரவுச் சீடி இரண்டையும் செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே எது வேண்டும் என்று கேட்கும் மென்பொருள் நல்லது.

2. எழுதி முடிந்ததும் வட்டை மூடிவிட வேண்டும். இதைப் 'பைனலைஸ்' என்பார்கள். மூடாத வட்டைப் பல பழைய செட்டுகள் வெற்று வட்டு என்றே நினைக்கும்.

3. எழுதியது சரியா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். தரவுச் சீடிக்கு இதை 'வெரிபை' என்பார்கள். கூடச் சில நிமிடம் எடுக்கும், ஆனாலும் தவறவிடாதீர்கள். ஒலிச் சீடியென்றால் வேறொரு செட்டில் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

4. தமிழ்ப் பெயர்களை ஏற்க வேண்டும். விண்டோஸ் கணனிக்காக எழுதும் சீடிகளில் வழக்கமாகப் பாவிக்கும் ஜோலியட் முறையில் ஒரு கோப்பின் பெயர் 64 குறிகளுக்குள் அடங்க வேண்டும். 'குறிகட்டுவான்' என்பது எமக்கு 7 எழுத்து. கணனியோ கொம்பு, விசிறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும், அதற்கு அது 13. ஆகவே பெயர் சுருக்கமாக இருக்கட்டும். முன்னால் 01, 02 என்று இலக்கம் போட்டால் தமிழ் காட்டாத செட்டிலும் ஒழுங்கு தெரியும்.

எதைத் தெரிவு செய்யலாம்?

விண்டோஸ் கணனியில் தனி மென்பொருள் இல்லாமலே சீடி எழுதலாம். வெற்று வட்டைப் போட்டதும் அது ஒரு கேள்வி கேட்கும்: பென் டிரைவ் போலப் பாவிக்கவா, சீடி பிளேயரில் பாவிக்கவா? இரண்டாவதையே அழுத்துங்கள். முதலாவதை அழுத்தினால் அந்த வட்டைப் பழைய செட்டுகள் வாசிக்காமல் விடலாம். ஒலிச் சீடிக்குப் பழைய விண்டோஸ் மீடியா பிளேயரே போதும்.

'சீடிபேர்னர் எக்ஸ்பி' இலவசம். இரு வகைச் சீடியும் செய்யும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு லேசு. 'இமேஜ்பேர்ன்' என்பதும் இலவசம், தரவுச் சீடிக்கு நல்லது, ஆனால் ஒலிச் சீடி செய்வது கொஞ்சம் சுற்று வேலை. லினக்ஸ் கணனி என்றால் 'பிரசேரோ', 'கே3பி' இரண்டில் ஒன்று. 1997இல் ஜெர்மனியில் வெளிவந்த 'நீரோ' பேர்பெற்றது, ஆனால் காசு கொடுத்து வாங்குவது. எமது தேவைக்கு இலவசமானதே போதும். இலவச மென்பொருளை இறக்கும்போது கூடவே விளம்பர மென்பொருளும் வரப் பார்க்கும். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துப் பார்த்து, வேண்டாததற்கு வேண்டாம் என்று அழுத்துங்கள்.

இப்போது வரும் மடிக்கணனிகள் பலவற்றில் சீடி போடும் இடமே இல்லை. அப்படியானால் யூஎஸ்பியில் மாட்டும் வெளி ரைட்டர் ஒன்று தேவை.

ஒரு பிரதி போதாது

குறிகட்டுவான் போகும் வழியில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தைக் காண்பீர்கள். 1981இல் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாகின. அச்சிட்ட புத்தகத்துக்கு வேறு எங்காவது பிரதி கிடைக்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஏடு போனது போனதுதான். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி இணையத்தில் சேர்த்து வருகிறது.

எமது லயத்துப் பாட்டுக்கும் குடும்பப் படத்துக்கும் அப்படிச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். இரண்டு சீடி எழுதுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மற்றது வேறு ஊரில் உள்ள உறவுக்காரரிடம் இருக்கட்டும். சீடியின் மேல் பெயரையும் திகதியையும் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள், குமிழ்முனைப் பேனா கீறிவிடும். வெயிலும் மலைநாட்டு ஈரமும் படாத உறையில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். சீடி பழுதாகத் தொடங்கினால், மற்றப் பிரதி நல்லாக இருக்கும்போதே இன்னொன்று எழுதிக்கொள்ளலாம்.