தயிர்ச்சாதத்தில் ஒரு சிவப்பு அம்சம்

புனே நகரத்து ராஸ்தா பேட்டை நெடுங்காலமாகத் தமிழர்கள் குடியேறி வாழும் பகுதி. அங்குள்ள ஒரு சாலைக்கே சர்தார் முதலியார் என்று பெயர். அந்தப் பேட்டையின் மெஸ் ஒன்றில் சாம்பாரும் ரசமும் முடித்து, கடைசியாகத் தயிர்ச்சாதத்தைப் பிசைந்து உண்டு, ஊறுகாய் தொட்ட விரலைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்கிறவர், தாம் உண்டதெல்லாம் தமக்குச் சேர்ந்துவிட்டது என்றே திருப்தி அடைகிறார். ஆனால் வீட்டுப் பாட்டிமார்களோ, “என்ன போட்டாலும் இவன் உடம்பில் ஒட்டமாட்டேன் என்கிறதே” என்று சொல்வதுண்டு. உண்பது வேறு, ஒட்டுவது வேறு என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் அடக்கிவிட்டார்கள்.

சோற்றின் கதை எளிது. நன்றாக மென்றால் சோறு இனிக்கத் தொடங்குகிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுப்பொருளை வாயிலேயே சர்க்கரையாக உடைக்க ஆரம்பித்துவிட்டதற்கு அதுவே அடையாளம். புரதத்தை இரைப்பையின் அமிலமும் பெப்ஸினும் தாக்குகின்றன. கொழுப்பைப் பித்தநீர் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. எஞ்சிய வேலையில் பெரும்பகுதியைக் கணையநீர் செய்கிறது. இவ்வாறு கரைந்துவரும் ரசத்தை உறிஞ்சிக்கொள்ளும் சிறுகுடலின் உட்பரப்பில், ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத விரல் போன்ற முளைகள் வெல்வெட்டைப்போல் அடர்ந்திருக்கின்றன. அப்பரப்பை விரித்தால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். ஒருகாலத்தில் ‘பூனா’ என்று இந்த ஊரின் பெயராலேயே வழங்கிய பாட்மின்டன் விளையாட்டின் ஆடுகளத்தில் பாதிக்கும் குறைவு.

ஆனால் எல்லாச் சத்துக்களும் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்வதில்லை. அதே தயிர்ச்சாதத்தில், வைட்டமின் பி12 என்ற ஓர் அம்சம் இருக்கிறது. கோபால்ட் உலோகத்தின் அணு ஒன்றை நடுவில் தாங்கிய இதன் படிகங்கள் செந்நிறமானவை. ரத்தம் ஊறுவதற்கும் நரம்புகள் நலமாயிருப்பதற்கும் இன்றியமையாத இந்த வஸ்து நமக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். அதாவது, ஓர் அரிசி மணியைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. இதைச் செடிகொடிகளும் ஆக்குவதில்லை, விலங்குகளும் ஆக்குவதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. பசுவின் முதல் இரைப்பையில் அவை ஆக்கியது பாலின் வழியாக நம் இலைக்கு வருகிறது. நம்முடைய பெருங்குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு என்றாலும், பி12ஐ உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே, சிறுகுடலின் கடைசிப் பகுதியிலேயே, முடிந்துவிடுகிறபடியால், கடைமடை வயலைத் தாண்டியபின் திறந்த மதகுபோல அது நமக்குப் பயன்படாமல் போகிறது.

உணவிலுள்ள பி12 புரதத்தோடு பிணைந்திருக்கிறது. இரைப்பையில் அமிலம் அந்தப் பிணைப்பை அவிழ்த்தவுடன், உமிழ்நீரோடு வந்த ஹாப்டோகாரின் என்ற புரதம் அதை ஏந்திக்கொண்டு அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் கணையநீர் இந்தக் காவலனைச் சிதைத்துவிட, இரைப்பைச் சுவரே சுரந்து அனுப்பிய ‘உள்காரணி’ என்னும் இரண்டாவது துணை அதைப் பற்றிக்கொண்டு, பல மீட்டர் தூரம் கூட்டிச்சென்று, சிறுகுடலின் கடைசியில் அதற்கென்றே அமைந்த ஏற்பிகளிடம் ஒப்படைக்கிறது. ரத்தத்தில் சேர்ந்த பிறகோ மூன்றாவது துணை ஒன்று வருகிறது.

இந்த உள்காரணியை அமெரிக்க வைத்தியர் வில்லியம் காஸில் கண்டறிந்த விதம் விசித்திரமானது. மரணத்தில் முடியக்கூடிய ஒருவகைச் சோகை நோயாளிகளுக்கு மாட்டிறைச்சியை மட்டும் கொடுத்தபோது குணம் தெரியவில்லை. அவர் தாமே அதை உண்டு, சிறிது நேரம் கழித்துத் தம் இரைப்பையிலிருந்து வெளிக்கொணர்ந்து, அதை அவர்களுக்குக் கொடுத்தபோது ரத்தம் ஊறத் தொடங்கிற்று. உணவில் இருக்கும் ஒன்றும் இரைப்பையில் இருக்கும் ஒன்றும் கூடினால்தான் காரியம் நடக்கும் என்பதை 1929-ல் அவர் வெளியிட்டார்.

இப்போது சர்தார் முதலியார் சாலைக்கே திரும்புவோம். அங்கிருக்கும் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்ஞிக்கும் அவருடைய குழுவினரும், புனேவை அடுத்த ஆறு கிராமங்களில் 1993 முதல் கர்ப்பிணிகளின் போஷாக்கை ஆராய்ந்தார்கள். அத்தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவாயிருந்தது. கீரையிலும் பருப்பிலும் கிடைக்கும் ஃபோலிக் அமிலமோ அநேகமாக எல்லோருக்கும் போதிய அளவு இருந்தது. அவர்களுடைய குடல் பழுதாகி, உண்டது ஒட்டாமல் போயிற்றோ என்று ஐயுறலாம். ஆனால், அக்குடும்பங்களில் நடந்த பின்னொரு சோதனையில், தினந்தோறும் 2 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தபோதே ரத்தத்தில் அளவு உயர்ந்தது. ஏந்திக்கொள்ளும் துணைகள் சரியாகத்தான் இருந்தன. ஏந்துவதற்குத்தான் ஒன்றும் வரவில்லை. மாமிசம் அபூர்வமாகவும் பால் சொற்பமாகவும் வாய்க்கிற வீடுகளில் இது நேர்வதில் ஆச்சரியமில்லை. ஒரு கரண்டித் தயிரில் இருப்பது அரை மைக்ரோகிராம்கூடத் தேறாது.

முதியவர்களின் சங்கதி வேறு. வயதால் சிலருக்கு இரைப்பை அமிலம் குன்றுகிறது. நீடித்து உண்ணும் அமிலத்தடுப்பு மாத்திரைகளாலும் அது குறைகிறது. அப்போது இலையில் தயிரும் முட்டையும் நிறைந்திருந்தாலும் முதல் பிணைப்பே சரியாக அவிழ்வதில்லை. அவர்களுக்கு வைத்தியர் 1000 மைக்ரோகிராம் மாத்திரை எழுதித்தருவதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. எந்தத் துணையும் இல்லாமலே அதில் நூற்றிலொரு பங்கு குடற்சுவரில் கசிந்து உட்செல்லும் என்ற கணக்கில்தான் அவ்வளவு பெரிய அளவு.

ஆகவே “உடம்பில் ஒட்டவில்லை” என்ற பாட்டியின் தீர்ப்பு சில வயோதிகர் விஷயத்தில், பாட்டி உள்பட, முற்றிலும் மெய். அந்த ஆறு கிராமத்துத் தாய்மார் விஷயத்திலோ, குடலைக் குறைசொல்லுமுன் இலையை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.