தரவரிசையும் உரிமையும்: டாலி பார்ட்டனின் ஒரு காதற்பாடல்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப்பாடல்களுள் டாலி பார்ட்டன் இயற்றிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' தனித்து நோக்கத்தக்கது. அவர் பாடிய இப்பாடல் 1974இல் பில்போர்டு இதழின் கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1982இல் ஒரு திரைப்படத்திற்காக அவரே மீண்டும் பாடிப் பதிவுசெய்தபோது, அதே பட்டியலில் மறுபடியும் முதலிடத்தை எட்டியது. 1992இல் வெளியான 'தி பாடிகார்ட்' படத்திற்காக விட்னி ஹூஸ்டன் பாடிய வடிவமோ ஹாட் 100 எனும் பொதுப்பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நிலைத்தது.

பார்ட்டனின் இரு பதிவுகளும் முதலிடத்தில் இருந்தவை ஒவ்வொரு வாரமே. இதனைக் கொண்டு ஹூஸ்டனின் வடிவமே பன்மடங்கு வெற்றி பெற்றது எனக் கணக்கிடுவது பொருந்தாது. முதற்கண், இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்ற 1982ஆம் ஆண்டுப் பதிவு, பொதுப்பட்டியலில் 53ஆம் இடத்திற்கு மேல் செல்லவில்லை. மேலும், 1991 இறுதிவரை கடைக்காரர்களும் வானொலி நிலையத்தாரும் அளித்த தகவல்களே ஹாட் 100 பட்டியலுக்கு அடிப்படை. அதன்பின் விற்பனையும் ஒலிபரப்பும் கருவிகளால் நேரடியாகக் கணக்கிடப்பட்டன. ஒரே பாடல் பல வாரங்கள் முதலிடத்தில் நீடிப்பது இம்மாற்றத்திற்குப் பின்னரே பெருவழக்காயிற்று. ஆகவே அந்த 14 வாரங்கள் பாடலின் செல்வாக்கோடு அளவுகோலின் மாற்றத்தையும் சேர்த்தே காட்டுகின்றன.

காதற்பாடலாகக் கேட்கப்படும் இது, தோற்றத்தில் காதலர் பிரிவைப் பற்றியதன்று. 1967 முதல் போர்ட்டர் வாக்னரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்த பார்ட்டன், தனிவழி செல்ல விரும்பியபோது அவரிடம் விடைபெறும் முகமாக எழுதியது. எனினும் பாட்டினுள் வாக்னரின் பெயரோ தொழிற்பிரிவின் குறிப்போ இல்லை. அகப்பாடலில் இயற்பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபை அறிந்தோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும் (இங்கு அது விதியன்று, தற்செயலாகவும் இருக்கலாம்). பெயரற்ற கூற்று யாருடைய பிரிவுக்கும் பொருந்துவதாயிற்று.

இப்பாடலின் வரலாற்றில் மிகவும் கருதத்தக்க நிகழ்வு எப்பட்டியலிலும் பதிவாகவில்லை. எல்விஸ் பிரெஸ்லி இதனைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் டாம் பார்க்கர், வெளியீட்டுரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்தார். அன்றிரவு முழுதும் அழுததாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். பிரெஸ்லியின் குரலில் ஒரு பாடல் வெளிவருவது அக்காலத்தில் எப்பாடலாசிரியருக்கும் பெரும்பேறு. அதனை விடுத்து உரிமையைக் காத்தது துணிவான முடிவேயாகும். பாடுபவருக்கு உரியது பதிவின் வருவாயில் ஒரு பங்கு. இயற்றியவருக்கும் வெளியீட்டுரிமை உடையவருக்கும் உரியதோ, யார் பாடினும் வரும் பங்கு. இவ்வேறுபாட்டைத் தரவரிசை காட்டுவதில்லை; அது பாடகரை முன்னிறுத்தியே வெற்றியை எண்ணுகிறது.

2012 பிப்ரவரியில் ஹூஸ்டன் மறைந்தார். அவருடைய பதிவு மீண்டும் ஹாட் 100 பட்டியலுள் நுழைந்து மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. வாக்னரிடம் விடைபெற எழுதப்பட்ட பாடல், இம்முறை அதனைப் பாடியவருக்கே விடைகொடுக்கும் பாடலாகக் கேட்கப்பட்டது.