ஒட்டுசுட்டானில் கேம் ஏன் இழுபடுகிறது? வீட்டு இணையத்தைச் சீராக்கும் வழிகள்

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் உள்ள ஒட்டுசுட்டானிலும் முத்தையன்கட்டுப் பக்கக் கிராமங்களிலும், பின்னேரமானால் இளம் பிள்ளைகளிடம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். போனில் சிக்னல் நிறையக் காட்டுகிறது, யூடியூப் ஓடுகிறது, ஆனால் பப்ஜியோ ஃப்ரீ ஃபயரோ விளையாடத் தொடங்கினால் இழுபடுகிறது.

விளையாட்டுத்தானே என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பதுண்டு. ஆனால் போரால் சிதறிப்போன குடும்பங்களில், கனடாவிலும் லண்டனிலும் பிறந்த மச்சான், மச்சாள்மாருடன் இங்குள்ள பிள்ளைகள் பழகும் இடமாகவும் இந்த விளையாட்டுகள் இருக்கின்றன. உயர்தர மாணவர்களின் ஸூம் வகுப்பும், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவரின் வருமானமும் அதே இணைப்பில்தான் தங்கியுள்ளன. கேமுக்காகச் செய்யும் திருத்தம் எல்லோருக்கும் பயன்படும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

கேம் இழுபட்டால் பலர் முதலில் செய்வது கூடிய விலையுள்ள டேட்டா பக்கேஜுக்கு மாறுவது. பெரும்பாலும் அது வீண்செலவு. விளையாடும் நேரத்தில் பெரும்பாலான கேம்களுக்குச் செக்கனுக்கு ஒரு மெகாபிட் கூடத் தேவைப்படாது. புதிய அப்டேட்டுகளை இறக்கும்போதுதான் டேட்டா கரைகிறது. பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அப்டேட்டை அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

கேமுக்கு முக்கியம் 'பிங்'. நீங்கள் திரையைத் தொட்ட செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் அது, மில்லிசெக்கனில் அளக்கப்படும். 50க்குக் கீழே என்றால் மிக நல்லது, 100 வரை சமாளிக்கலாம். 60, 300, 80, 500 என்று அது ஏறி இறங்கினால்தான் விளையாட்டு குழம்பும். யூடியூப் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் இந்தத் தள்ளாட்டம் அங்கே தெரிவதில்லை. கேமில் அடுத்த கணத்தை முன்கூட்டி இறக்க முடியாது.

தூரத்தின் கணக்கு

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். அதன்படி ஒவ்வொரு 1,000 கிலோமீற்றருக்கும் போய்வர 10 மில்லிசெக்கன் தேவை. கொழும்பிலிருந்து மும்பை சுமார் 1,500 கிலோமீற்றர், சிங்கப்பூர் சுமார் 2,700, லண்டன் சுமார் 8,700. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையான நேரம் இன்னும் கூடும். லண்டன் சேர்வரில் விளையாடினால் எந்த ரௌட்டரைப் பூட்டினாலும் 90 மில்லிசெக்கனுக்குக் கீழே வருவது கடினம். சேர்வரைத் தெரிவு செய்ய முடியுமானால் இந்தியாவையோ சிங்கப்பூரையோ தெரிவு செய்யுங்கள். வெளிநாட்டு உறவுகளோடு விளையாடும் நாட்களில், வேகம் தேவைப்படாத, முறை வைத்து ஆடும் விளையாட்டுகளே இருபக்கத்துக்கும் நியாயமானவை.

பிழை எங்கே?

இலவச பிங் செயலி ஒன்றை இறக்கி, முதலில் உங்கள் ரௌட்டரின் முகவரியைச் சோதியுங்கள். அது ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. அங்கே பிங் 10க்கு மேல் அடிக்கடி துள்ளினால் பிழை வீட்டு வைஃபையில். அங்கே சீராக இருந்து, 8.8.8.8 என்ற வெளி முகவரியில் துள்ளினால் பிழை கோபுரத்துக்கும் உங்களுக்கும் இடையில், அல்லது அதற்கு அப்பால்.

வைஃபைதான் பிழை என்றால், கணினியை லேன் கேபிளால் இணைப்பதே சிறந்த மருந்து. போனில் விளையாடுபவர்கள் ரௌட்டர் உள்ள அறையிலேயே இருந்து 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்தலாம். அது வேகமானது, ஆனால் சீமெந்துக் கல் சுவரைத் தாண்டும்போது பலவீனமாகிவிடும்.

கோபுரத்தைப் பார்த்து வையுங்கள்

4ஜி ரௌட்டரை ரீவிக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். அதை மாற்றுங்கள். தகரக் கூரையும் தகரக் கதவும் சிக்னலைத் தடுக்கும். ஈரமான இலைகள் நிறைந்த மரங்களும் அதை உறிஞ்சும். மாரி காலத்தில் இணைப்பு மந்தமாவதற்கு அதுவும் ஒரு காரணம். கோபுரம் இருக்கும் பக்க யன்னலோரம், இயன்றளவு உயரத்தில் ரௌட்டரை வையுங்கள்.

கோடுகளை நம்பாமல் ரௌட்டரின் பக்கத்தில் காட்டும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். எஸ்.ஐ.என்.ஆர் என்பது அதன் தெளிவு: 20க்கு மேல் மிக நல்லது, 5க்குக் கீழே கேமுக்கு உதவாது. ரௌட்டரை ஓரிரு அடி நகர்த்தினாலே இந்த எண்கள் மாறும்.

போதாவிட்டால், வெளி அன்ரெனா பூட்டும் துளை உங்கள் ரௌட்டரில் உள்ளதா என்று பாருங்கள். அன்ரெனாவைக் கோபுரத்தை நோக்கிக் கட்டுங்கள். நீண்ட வயர் சிக்னலைத் தின்றுவிடும் என்பதால் வயரைக் குறுகலாக வையுங்கள். கடைகளில் விற்கும் 'சிக்னல் பூஸ்டர்' வேறு சாதனம். அது தானே அலை பரப்புவதால் அனுமதியின்றிப் பூட்டக்கூடாது. அயலவரின் இணைப்பையும் அது கெடுக்கும்.

வீட்டுக்குள் நெரிசல்

ஒருவர் விளையாடும்போது இன்னொருவரின் போன் கூகுள் போட்டோஸுக்குப் படங்களை ஏற்றினால் கேம் நின்றுவிடும். 4ஜியில் மேலேற்றும் பாதை ஒடுக்கமானது. அதில் வரிசை நீண்டால் கேமின் சிறு செய்தியும் காத்திருக்க வேண்டும். படங்கள் தானாக ஏறுவதையும் அப்டேட்டுகளையும் அந்த நேரம் நிறுத்தி வையுங்கள். ரௌட்டரில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

மின்சாரமும் இடியும்

ரௌட்டருக்கென விற்கப்படும் சிறிய யூ.பி.எஸ், குறுகிய மின்வெட்டுகளில் இணைப்பைக் காக்கும். வாங்கும்போது வோல்ட் அளவு ரௌட்டருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கினால் பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள். அன்ரெனாக் கம்பத்துக்குப் புவித்தொடுப்பு கட்டாயம்.

வீட்டில் திருத்த முடியாதது

ஃபைபர் கேபிள் உங்கள் ஒழுங்கைவரை வந்திருந்தால் அதையே எடுங்கள். கேமுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. 2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க், சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளைப் பயன்படுத்துவதால் கேமுக்குத் தாங்கும். ஆனால் அதற்கு மரங்கள் மறைக்காத வானம் வேண்டும்; செலவும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

காலையில் பிங் நன்றாக இருந்து இரவு 7 முதல் 10 மணிவரை மட்டும் கெட்டால், ஒரு கோபுரத்தைப் பலர் பகிர்வதே காரணமாக இருக்கலாம். அதை எந்த அன்ரெனாவும் தீர்க்காது. ஒரு கிழமைக்குக் காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பிங்கையும் வேகத்தையும் ஒரு கொப்பியில் குறித்து, அந்தக் குறிப்போடு சேவை நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். தனியொரு வீட்டின் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது சுலபம். ஒரே கோபுரத்தின் கீழுள்ள இருபது வீடுகள், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக ஒரே கடிதத்தில் திகதியும் நேரமும் எண்களும் போட்டு அனுப்பினால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.