சொன்னதையே சொல்லாமல் செய்தி பரப்புவது எப்படி?

கடையில் கைப்பேசி வழியே நாம் செலுத்தும் பணம், வங்கிகளை இணைக்கும் ஒரு மைய அமைப்பின் மூலமாகச் செல்கிறது. 2009 சனவரியில் தொடங்கிய பிட்காயின் வலையிலோ வங்கியும் இல்லை; மையமும் இல்லை. உலகெங்கும் சிதறியுள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கைச் சரிபார்க்கின்றன. பிட்காயின் நல்ல முதலீடா என்பது நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. மையம் இல்லாத வலையில் ஒரு செய்தி எல்லாருக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது? மாணவர்களே, அதைத்தான் இங்குக் காணப் போகிறோம்.

இவ்வலையில் ஒவ்வொரு கணிப்பொறியும் தானாக 8 கணிப்பொறிகளைத் தேடித் தொடர்பு கொள்கிறது. ஒருவர் பணம் அனுப்பினால் அச்செய்தி முதலில் அந்த எட்டுக்குப் போகும். எட்டும் தத்தம் அண்டைகளுக்குச் சொல்லும். முன்பே கேட்டவர் யாரும் இல்லையெனக் கொண்டால் 8, 56, 392, 2,744, 19,208 என்று பெருகி, ஐந்தே தாவல்களில் உலகம் முழுவதும் பரவிவிடும். வதந்தி பரவும் கணக்கும் இதுவேதான்.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். பூமியின் மறுபக்கம் 20,000 கிலோமீட்டர். ஆகவே பத்தில் ஒரு விநாடி போதும் என்று இயற்பியல் சொல்கிறது. ஆனால் 2013ஆம் ஆண்டு சூரிச்சில் டெக்கர், வாட்டன்ஹோஃபர் என்ற இருவர் அளந்து பார்த்தபோது, ஒரு 'பிளாக்' பாதிக் கணிப்பொறிகளை அடைய 6.5 விநாடி ஆனது. 40 விநாடி கழிந்த பின்னும் 5 சதவீதக் கணிப்பொறிகளுக்கு அது எட்டவில்லை! பிளாக் என்பது சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்படும் பேரேட்டுப் பக்கம். தாமதத்துக்குக் காரணம் ஒளியன்று. "என்னிடம் புதிது இருக்கிறது", "அனுப்பு", "இதோ" என்று ஒவ்வொரு தாவலிலும் மூன்று பேச்சுகள் நடக்கின்றன. போதாக்குறைக்கு, வாங்கியதைச் சரிபார்த்த பிறகே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும்.

சில விநாடிகளால் என்ன கெட்டுவிடும்? ஒரு பக்கம் பயணம் செய்துகொண்டிருக்கும்போதே, அதை அறியாத வேறொருவர் அதே இடத்துக்கு மற்றொரு பக்கத்தை எழுதி முடித்துவிடக்கூடும். இரண்டில் ஒன்றைத் தள்ளியாக வேண்டும். அதற்குச் செலவான மின்சாரமெல்லாம் வீண். செய்தியை முந்திப் பெறுபவருக்கு இதில் ஆதாயம் உண்டு. அப்படிப் போனால், நல்ல இணைப்பு வைத்திருக்கும் பெரியவர்களே வலையை ஆளத் தொடங்குவர்.

2016இல் இதற்கு ஒரு வழி நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் உள்ள வரவு செலவுகளில் பெரும்பாலானவை முன்பே தனித்தனியாக எல்லாரிடமும் வந்து சேர்ந்திருக்கும். நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் பாடத்தை மீண்டும் ஏன் சொல்லி எழுத வைக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் 6 பைட் நீளமுள்ள அடையாளம் மட்டும் போதும். 10 இலட்சம் பைட் பக்கம் 15 ஆயிரம் பைட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பக்கத்தின் தொல்லை இவ்வாறு குறைந்தது. தனித்தனிச் செய்திகளின் தொல்லை எஞ்சியது. ஒவ்வொரு கணிப்பொறியும் 8 இணைப்புகளை ஏற்படுத்துவதால், மொத்த இணைப்புகள் கணிப்பொறிகளைப் போல் 8 மடங்கு. ஒவ்வோர் இணைப்பிலும் "புதிது இருக்கிறது" என்னும் 36 பைட் அறிவிப்பு ஒருமுறையாவது போகிறது. ஒரு கணிப்பொறிக்கு ஒன்று போதுமே! எட்டில் ஏழு வீண். வலையின் மொத்தப் போக்குவரத்தில் 30 முதல் 50 சதவீதம் இந்த அறிவிப்புகளே என்று 2019இல் கணித்தார்கள். இணைப்புகளைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும். ஆனால் வீட்டில் சாதாரண இணையத் தொடர்பு வைத்திருப்பவரால் செலவைத் தாங்க முடியாது.

அவ்வாண்டு நௌமென்கோ, மேக்ஸ்வெல், வூயில் முதலியோர் 'எர்லே' என்ற முறையை முன்வைத்தனர். அதன் உயிர்நாடி உங்கள் பள்ளி இயற்கணிதம்தான்.

உங்களிடமும் நண்பரிடமும் எண்களின் பட்டியல் ஒன்று உள்ளது. உங்கள் பட்டியலில் இரண்டு எண்கள் கூடுதல். அவை எவை? நண்பர் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. தம் எண்களின் கூட்டுத்தொகை, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஆகிய இரண்டை மட்டும் சொல்லட்டும். உங்கள் தொகைகளிலிருந்து கழித்துப் பாருங்கள். 19, 193 என்று வந்தால், 19இன் வர்க்கம் 361. அதில் 193 போக 168. அதில் பாதி 84. கூட்டினால் 19, பெருக்கினால் 84 வரும் எண்கள் 7, 12. பட்டியலில் பத்து எண் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் சொல்ல வேண்டியவை இரண்டே தொகைகள். வேறுபாடு எத்தனையோ, தொகைகளும் அத்தனை.

இருவரிடமும் மற்றவரிடம் இல்லாதவை இருந்தால்? கணிப்பொறி இதற்கென வேறொரு கூட்டலைக் கையாள்கிறது. அதில் எந்த எண்ணையும் அதனோடே கூட்டினால் சுழி. இருவருக்கும் பொதுவானவை மறைந்து, வேறுபாடுகள் மட்டும் எஞ்சும். அந்தக் கூட்டலில் இரண்டின் கூட்டலை வர்க்கப்படுத்துவதும், வர்க்கங்களைக் கூட்டுவதும் ஒன்றேயாகிவிடுவதால் வர்க்கம் புதிதாக எதையும் சொல்லாது. எனவே மூன்றாம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு என ஒற்றைப்படை அடுக்குகளைக் கொள்கிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள், சுவையான கணக்கு.

எர்லே முறையில் சில இணைப்புகளில் மட்டும் செய்தி உடனே பாயும். மற்றவற்றில் அவ்வப்போது இத்தகைய தொகைகள் ஒப்பிடப்படும். போக்குவரத்து 40 சதவீதம் குறையும் என்றது ஆய்வு. இணைப்புகளைக் கூட்டினாலும் செலவு அவ்வளவாக ஏறாது. விலையாக, செய்தி சில விநாடிகள் பிந்தும். பேரேட்டுப் பக்கத்தில் ஏறவே 10 நிமிடம் காத்திருக்கும் செய்திக்கு அது பெரிய தாமதமன்று. பக்கங்களோ பழைய வேக வழியிலேயே செல்லும்.