தவணை குறித்த சந்திப்பு

நம் கடற்கரை ஊர்களில் "சபுராளி" என்னும் சொல்லை அறியாத வீடு இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்தவர்களின் பேரர்கள், 1970-களுக்குப் பின் சவூதி அரேபியாவுக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் செல்லலாயினர். அவர்கள் சிந்திய வியர்வையில் வீடுகள் எழும்பின. குமர்ப் பெண்கள் கரையேறினர். பள்ளிவாசல்கள் புதுப்பொலிவு பெற்றன. இவை யாவும் உண்மையே.

ஆனால், வெளியில் சொல்லப்படாத துயரம் ஒன்றும் சில வீடுகளில் உண்டு. கணவரின் இக்காமா காலாவதியாகிவிட்டது. ஊருக்கு வரவும் வழியில்லை. அங்கே அச்சமின்றி வாழவும் வழியில்லை. தொலைபேசியில் முகம் பார்த்தே ஆண்டுகள் கழிகின்றன. தகப்பனின் மடியில் அமர்ந்தறியாத பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. "அவர்கள் வர முடியாவிட்டால், நானாவது போய்ப் பார்த்துவருகிறேனே" என்று மனைவி கண்ணீருடன் கேட்கிறாள். பெரியவர்கள் என்ன விடை கூறுவதென்று அறியாது திகைக்கின்றனர்.

அந்தச் சகோதரியின் ஏக்கத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில் நகர்வலம் வந்தபோது, போர்க்களம் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்புவதைச் செவியுற்றார்கள். தம் மகளார் அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களிடம், "ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை நாள் பொறுத்திருப்பாள்?" என வினவி அறிந்து, அதற்கு மேல் வீரர்களைக் களத்தில் நிறுத்தலாகாது என்று ஆணையிட்டார்கள். அக்காலம் நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இஸ்லாமிய ஆட்சியின் தலைவரே சட்டமாக்கி மதித்த உணர்வு அது.

ஆகவே, போகலாமா என்பதன்று இங்கே கேள்வி. எந்த வழியில் போவது? எத்தனை நாள் தங்குவது? எப்படித் திரும்புவது? இவையே நாம் சிந்திக்க வேண்டியவை.

முதலில் அவருடைய நிலையை அறிக

இக்காமா இழந்தவர் எல்லாம் தவறு செய்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். சவூதியில் தொழிலாளியின் இக்காமாவைப் புதுப்பிக்கும் பொறுப்பு முதலாளிக்கு உரியது. நிறுவனம் நொடித்துப் போனாலோ, முதலாளி அலட்சியமாக இருந்தாலோ, மாதம் தவறாது உழைத்தவரும் ஒருநாள் செல்லத்தக்க ஆவணம் இன்றி நிற்க நேரிடும். இது ஒருவகை. வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று முதலாளி அரசிடம் எழுதிக் கொடுத்துவிடுவது மற்றொரு வகை. இதனையே "ஹுரூப்" என்பர். கடன் வழக்கோ வேறு வழக்கோ இருப்பதால் பயணம் தடுக்கப்பட்டிருப்பது மூன்றாவது வகை. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. எனவே, "பேப்பர் சரியில்லை" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாது, இவற்றுள் எது அவருடைய நிலை என்பதைக் கணவரிடம் தெளிவாகக் கேட்டறியுங்கள். மனைவிக்கு அதனை மறைப்பது அன்பாகாது.

அடுத்து, குடும்பத்தைச் சந்திப்பு விசாவில் வரவழைக்க, அழைப்பவருடைய இக்காமா செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். அஃது இல்லாத கணவர் தம் பெயரில் மனைவியை அழைக்க இயலாது. வேறொருவர் பெயரில் பொய்யான உறவுமுறை காட்டி விசா எடுத்துத் தருகிறோம் என்போரை நம்பாதீர்கள். அது பணத்தையும் தின்னும், ஈமானையும் தின்னும்.

எஞ்சுவது உம்றாப் பயணம். உம்றா விசாவில் தங்கும் காலம் 2022-இல் முப்பது நாளிலிருந்து தொண்ணூறு நாளாக உயர்த்தப்பட்டது. உம்றாவுக்குச் சென்றவள் கணவரைக் கண்டு வருவதில் குற்றம் உண்டா? ஹஜ்ஜுப் பயணத்தில் வணிகம் செய்து பொருளீட்டுவதையே திருமறை குற்றமெனக் கூறவில்லை. கணவன் முகம் காண்பது எப்படிக் குற்றமாகும்? ஆயினும் உம்றாவை வெறும் சாக்காக ஆக்கிவிடாதீர்கள். நிய்யத்தை நேராக்குங்கள். துணையாக வரும் மஹ்ரம் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அந்தக் கடைசி நாள்

மெய்யான சோதனை போகும்போது வருவதன்று. திரும்ப வேண்டிய நாளில் வருவது. நெடுநாள் பிரிந்திருந்த கணவரைக் கண்டபின், "இங்கேயே இருந்துவிட்டால் என்ன? எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்ற எண்ணம் எழும். ஷைத்தான் அதனைப் பாசத்தின் குரலிலேயே பேசுவான்.

அந்நேரத்தில் ஒரு வரலாற்றை நினைவுகூருங்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கையின்படி, ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உம்றாச் செய்ய மக்கா வந்தார்கள். மூன்று நாள் தங்கலாம் என்பது ஒப்பந்தம். அது அவர்கள் பிறந்த மண், வளர்ந்த மண், விரட்டப்பட்ட மண். அப்பயணத்தின்போதே அன்னை மைமூனா (ரலி) அவர்களை மணம் பேசியிருந்தார்கள். தவணை முடிந்ததும் குறைஷியர் வந்து வெளியேறுமாறு கூறினர். மணவிருந்து வைக்கச் சற்றே அவகாசம் தரலாகாதா, நீங்களும் விருந்துண்ணலாமே என்று அண்ணலார் கேட்டுப் பார்த்தார்கள். குறைஷியர் மறுத்தனர். பின்னால் தோழர்களின் படை இருந்தும், அண்ணலார் வற்புறுத்தவில்லை, கிளம்பிவிட்டார்கள். மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னுமிடத்தில்தான் அந்த இல்லறம் தொடங்கியது.

எண்ணிப் பாருங்கள். எதிரிக்குக் கொடுத்த வாக்குக்காக, சொந்த ஊரில் தம் மணவிருந்தையே விட்டுக்கொடுத்தார்கள் நம் நாயகம். விசா என்பதும் ஒரு நாட்டுக்கு நாம் கொடுக்கும் வாக்கே. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது.

உலகியல் பலனையும் பாருங்கள். விசாக் கெடு முடிந்தபின் தங்குவோருக்கு ஐம்பதாயிரம் ரியால் வரை அபராதமும், ஆறு மாதம் வரை சிறையும், பின்னர் நாடு கடத்தலும் உண்டு என்று சவூதி உள்துறை அமைச்சகம் 2025-இல் எச்சரித்தது. தங்க இடம் கொடுத்தவரும் தண்டனைக்கு உள்ளாவார். அங்கே ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் துன்பம் இரட்டிப்பாகும். பெற்றோருக்கு ஆவணம் இல்லாதபோது பிறப்புச் சான்று பெறுவதே பெரும்பாடு. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தல் வேண்டும் என்பது 2004 டிசம்பர் முதல் நம் நாட்டுச் சட்டம். கெடு தவறினால் மத்திய அரசின் அனுமதியை நாட வேண்டிவரும். தாய் தந்தையின் அவசரத்துக்கு ஒன்றுமறியாப் பச்சைக்குழந்தை விலை கொடுக்கலாமா?

ஒளியாமல் நின்ற உத்தமி

அண்ணலாரின் மூத்த மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் வாழ்வில் இன்னொரு பாடம் உண்டு. அவர்கள் மதீனாவில், கணவர் அபுல் ஆஸ் மக்காவில், இஸ்லாத்தை ஏற்காதவராக. ஆண்டுகள் பல பிரிந்திருந்தனர். ஒருநாள் வணிகப் பொருளை முஸ்லிம்களிடம் இழந்த அபுல் ஆஸ், இரவோடு இரவாக மதீனாவுக்குள் வந்து ஸைனபிடம் அடைக்கலம் கேட்டார். அவரை ஒளித்து வைக்கவில்லை அந்த உத்தமி. பஜ்ருத் தொழுகை வேளையில், பெண்கள் பகுதியிலிருந்து, தாம் அவருக்கு அடைக்கலம் தந்திருப்பதை ஊரறிய உரக்க அறிவித்தார்கள். நாயகம் (ஸல்) அந்த அடைக்கலத்தை ஏற்றார்கள். ஆயினும் மார்க்கம் வகுத்த எல்லையை மீறலாகாது என்றும் மகளாருக்கு உணர்த்தினார்கள். பொருளைத் திரும்பப் பெற்ற அபுல் ஆஸ், மக்கா சென்று உரியவர்களிடம் அமானிதங்களை ஒப்படைத்துவிட்டு, முஸ்லிமாகத் திரும்பி வந்தார். பிரிந்த இல்லறம் மீண்டும் இணைந்தது.

மறைவினால் அன்று, வெளிப்படையினாலும் கணக்குத் தீர்த்ததினாலும் இணைந்தது. இதனை மறவாதீர்கள்.

ஆகவே சகோதரியே, உங்கள் பயணம் சேர்ந்து ஒளிவதற்காக அன்று, சேர்ந்து கரையேறுவதற்காக அமையட்டும். முடிந்தால் கணவரை அழைத்துக்கொண்டு ரியாத் தூதரகத்துக்கோ ஜித்தா துணைத் தூதரகத்துக்கோ செல்லுங்கள். பாஸ்போர்ட் காலாவதியானவருக்கு ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் அங்கே வழங்கப்படுகிறது. வறியவருக்கு உதவ 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. ஊரிலிருந்தே முறையிட 2015 முதல் "மதத்" என்னும் மத்திய அரசின் இணையத்தளம் உள்ளது. நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலனுக்கென ஆணையரகமும் இயங்குகிறது.

பொதுமன்னிப்புக் காலங்களும் வந்து போயின. சவூதியில் 2013-இலும் 2017-இலும், அமீரகத்தில் 2018-இலும் 2024-இலும், குவைத்தில் 2018-இலும் 2024-இலும் அபராதச் சுமையின்றி வெளியேற வாய்ப்புத் தரப்பட்டது. பல்லாயிரவர் அவ்வழியே வீடு சேர்ந்தனர். "அடுத்த முறை பார்க்கலாம்" என்றிருந்தவர்களுக்கு அத்தவணைகள் முடிந்துவிட்டன.

வீட்டுப் பெரியோருக்கு ஒரு சொல்

இறுதியாக, பெற்றோரிடமும் பெரியோரிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் ஏன் வரவில்லை? சட்டம் மட்டுமா தடுக்கிறது? பாதியில் நிற்கும் வீடும், வட்டிக்கு வாங்கிய கடனும், தங்கையின் திருமணமும், "வெறுங்கையோடு வந்தானே" என்று ஊர் பேசுமே என்ற அச்சமும் சேர்ந்தன்றோ அவரைத் தடுக்கின்றன? "எப்படியாவது இன்னும் இரண்டு வருடம் சமாளித்துக்கொள்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர் காலில் ஒரு விலங்கு. "நீ வந்தால் போதும், வாப்பா" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால், அந்த விலங்கில் பாதி அறுந்துவிடும். மீதியை அறுக்க ஜமாஅத்தும் உற்றாரும் தோள் கொடுக்கலாம். கடனில் மூழ்கியவர் ஜகாத் பெறத் தகுதியுடையோருள் ஒருவர் என்பதைத் திருமறையே கூறுகிறதே!

பிரிந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் வல்ல ரஹ்மான் ஹலாலான வழியில் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.